வெண்டைக்கு ஊடுருவும் மருந்து: விதையில் தருவதா, தூரில் ஊற்றுவதா, இலையில் அடிப்பதா?

ஆடிப்பட்டத்துக்கு வெண்டை போட நிலத்தை ஓட்டிவிட்டு, பார் பிடிக்க ஆள் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துத் தம்பி வந்து கேட்டான். "அண்ணே, இமிடாவை விதையிலேயே கலந்துடலாமா, இல்ல முளைச்சப்புறம் தூர்ல ஊத்திக்கலாமா? அடிச்சாலும் ஊடுருவும் மருந்துதானே, எங்க பட்டாலும் செடி முழுக்கப் போயிடும்ல?" இமிடா என்று அவன் சொன்னது இமிடாகுளோபிரிட் என்கிற பூச்சி மருந்தை. ஊடுருவும் மருந்து என்றால் செடியின் சாற்றுக்குள் போய் வேலை செய்வது. கடைசியில் அவன் கேட்டதுதான் எனக்கு உறுத்தியது. ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், எங்கள் பக்கம் முக்கால்வாசிப் பேர் இன்னமும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது சரியில்லை. எந்த வழியில் கொடுப்பது என்ற முடிவே இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது.

செடிக்குள் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. வேரிலிருந்து தண்ணீரையும் உப்புச் சத்தையும் மேலே கொண்டுபோவது சைலம். இலையில் தயாராகும் சர்க்கரைச் சாற்றைக் கீழே வேருக்கும், காய்க்கும், குருத்துக்கும் பங்கிட்டுக் கொடுப்பது புளோயம். இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், அசிட்டாமிபிரிட் என்று நாம் வாங்கும் மருந்துகள் பெரும்பாலும் முதல் குழாயில்தான் ஏறும். அதாவது தண்ணீர் போகிற திசையில், கீழிருந்து மேலே. வேரில் கொடுத்தால் தண்டு வழியாக ஏறி இலை ஓரம் வரை போய்ச் சேரும். இலையில் அடித்தால் அந்த இலைக்குள்ளேயே நுனியை நோக்கி நகருமே தவிர, தண்டுக்குத் திரும்பி வந்து அடுத்த இலைக்கு ஏறிப்போவது ரொம்பக் குறைவு. ஸ்பைரோடெட்ராமேட் மாதிரி இரண்டு குழாயிலும் போகிற மருந்துகள் உண்டு, ஆனால் அவை விதிவிலக்கு.

வெண்டையோ இரண்டு மூன்று நாளுக்கு ஒரு இலை விடுகிற செடி. இன்றைக்கு அடித்த மருந்து நாளை மறுநாள் விரியப்போகிற இலையில் இருக்காது. வெள்ளை ஈ நல்ல இளம் இலையாகப் பார்த்துத்தான் முட்டை வைக்கும். "அடிச்சு ஒரு வாரம்தான் ஆச்சு, அதுக்குள்ள மறுபடி பூச்சி" என்று நாம் புலம்புவதற்குப் பாதிக் காரணம் இதுதான், மருந்து போலி என்பது மட்டுமல்ல.

எந்தப் பூச்சிக்காக இவ்வளவு பாடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெண்டைக்கு ஊடுருவும் மருந்து தேவைப்படுவது சாறு உறிஞ்சிகளுக்குத்தான்: தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினி. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் ஒரு இலையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையில் அரிசி நுனி அளவுக்குத் தத்துப்பூச்சிக் குஞ்சுகள் நரம்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். விரல் நிழல் பட்டதும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்து நரம்புக்கு அந்தப் பக்கம் போய்விடும். இவை அதிகமானால் இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு, மஞ்சளாகி, பிறகு செங்கல் நிறத்தில் கருகும். தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் சத்துக் குறைவு என்று யூரியா போடுவார்கள். தழைச்சத்து கூடினால் இலை இன்னும் மென்மையாகும், பூச்சி இன்னும் சேரும்.

இவை இலையைக் கடித்துத் தின்பதில்லை, ஊசி மாதிரி வாயைக் குத்திச் சாற்றை இழுக்கின்றன. அதனால் இலை மேல் படிந்திருக்கும் குடல் நஞ்சு இவற்றின் வயிற்றுக்குப் போகாது. இலைக்கு அடியில் ஒளிந்திருப்பதால் தொடு நஞ்சும் சரியாகப் படாது. சாற்றிலேயே மருந்து இருந்தால்தான் வேலை நடக்கும். உறிஞ்சிய பூச்சியின் நரம்பில் செய்தி கடத்தும் ஏற்பியில் இமிடாகுளோபிரிட் போய் ஒட்டிக்கொண்டு விடாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். பூச்சி நடுங்கி, உறிஞ்சுவதை நிறுத்தி, செத்துப்போகும். நிகோட்டினும் இதே இடத்தில்தான் வேலை செய்கிறது. நம் தாத்தாக்கள் புகையிலைக் கஷாயம் அடித்ததற்கும் இதற்கும் உள்ள உறவு அதுதான்.

சரி, முதலில் விதை நேர்த்தி. என் ஓட்டு இதற்குத்தான், காரணங்களையும் சொல்கிறேன்.

இமிடாகுளோபிரிட் 70 டபிள்யூ.எஸ். தூள் கிலோ விதைக்கு 5 கிராம் என்பது பரிந்துரை. வீரிய ஒட்டாக இல்லாமல் சாதாரண ரகமாக இருந்தால் ஹெக்டேருக்கு 8 கிலோ விதை, அதாவது ஏக்கருக்கு மூன்றேகால் கிலோ. கணக்குப் போட்டால் ஏக்கருக்குப் பதினாறு கிராம் தூள், அதில் உண்மையான நஞ்சு சுமார் 11 கிராம். இலையில் அடிக்கும் 17.8 எஸ்.எல். திரவம் ஹெக்டேருக்கு 100 மில்லி, அதாவது ஏக்கருக்கு 40 மில்லி. அதில் நஞ்சு 8 கிராம். ஒரே ஒரு தெளிப்போடு ஒப்பிட்டால் விதை நேர்த்தியில்தான் நஞ்சு கொஞ்சம் அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதல் ஒரு மாதத்தில் ஒரே தெளிப்போடு நிறுத்துகிறவர் யார்? இரண்டு மூன்று தடவை டேங்க் முதுகில் ஏறிவிடுகிறது. விதை நேர்த்தி அந்த இரண்டு மூன்றையும் மிச்சப்படுத்துகிறது. காற்றில் எதுவும் பறக்காது, அடிக்கிறவர் மூக்கில் ஏறாது, வரப்பில் இருந்து நமக்கு உதவும் பொறிவண்டு மேலும் கண்ணாடி இறக்கைப் பூச்சி மேலும் நேராகப் படாது.

இதில் மிக முக்கியமானது நாள் கணக்கு. விதையில் ஒட்டிய மருந்து முளைக்கும்போது வேர் வழியாக ஏறி, கிட்டத்தட்ட ஒரு மாதம் செடியைக் காக்கும். செடி பெரிதாகப் பெரிதாக அதே மருந்து பிரிந்து நீர்த்துப்போகும். வெண்டை பூக்கத் தொடங்குவது முப்பத்தைந்து நாற்பதாம் நாள், முதல் பறிப்பு நாற்பத்தைந்தாம் நாள் வாக்கில். ஆக, செடிக்குப் பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் இளம் பருவத்தில் மருந்து கெட்டியாகவும், தேனீ வரும் நேரத்திலும் நாம் காய் பறிக்கும் நேரத்திலும் மெலிந்தும் இருக்கிறது. மற்ற எந்த வழியிலும் இந்தப் பொருத்தம் தானாகக் கிடைப்பதில்லை.

குறைகளும் உண்டு. விதையில் போட்டதில் செடி எடுத்துக்கொள்வது சிறு பங்குதான், மீதி மண்ணில் தங்கும், அதுவும் மாதக்கணக்கில். பூச்சி வருமா வராதா என்று தெரியும் முன்பே மருந்தைப் போட்டுவிடுகிறோம், காப்பீடு கட்டுகிற மாதிரி. ஐரோப்பிய ஒன்றியம் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம், குளோதியானிடின் மூன்றையும் 2013-இல் கட்டுப்படுத்தி, 2018-இல் திறந்தவெளிப் பயிர்களுக்கு முழுவதுமாகத் தடை செய்தது தேனீக்களுக்காகத்தான். அதற்கு முன்பே 2008-இல் ஜெர்மனியின் தென்மேற்கில், மருந்து பூசிய மக்காச்சோள விதையை இயந்திரத்தால் விதைத்தபோது கிளம்பிய தூசி பட்டுத் தேனீக் கூட்டங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தன. நாம் கையால் ஊன்றுகிறோம், அந்த அளவுக்குத் தூசி கிளம்பாது. ஆனால் ஊன்றுகிற கை இருக்கிறதே! எங்கள் பக்கம் விதை ஊன்ற வருகிற அக்காமார்களுக்குக் கையுறை கொடுக்காமல் மருந்து பூசிய விதையை மடியில் கட்டிக் கொடுக்கிறார்கள். அவர்களும் நடுவில் அப்படியே வெற்றிலை போட்டுக்கொள்கிறார்கள். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. ஒரு ஜோடி ரப்பர் கையுறை என்ன விலை?

அப்புறம் மயில். எங்கள் ஊரில் விதைத்த மறுநாள் விடியும்போதே காட்டில் வந்து நிற்கும். மருந்து பூசிய விதையைப் பொறுக்கினால் கௌதாரி, புறா போன்ற பறவைகள் செத்துப்போகும் ஆபத்து உண்மையானது. இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி மண் மூடுவதும், சிந்தியதைப் பொறுக்கிப் புதைப்பதும் கட்டாயம். மிச்ச விதையைக் கோழிக்கு வீசுவது கூடவே கூடாது.

வீரிய ஒட்டு விதை வாங்குகிறவர்கள் பாக்கெட்டைப் பிரித்ததும் நிறத்தைப் பாருங்கள். ரோஸ், நீலம் என்று சாயம் இருந்தால் ஏற்கெனவே ஏதோ பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். என்ன மருந்து என்று பாக்கெட்டில் படியுங்கள். அதே மருந்தையோ அதே வகையையோ நீங்களும் ஒரு தடவை பூசுவதில் பலன் எதுவுமில்லை. அசோஸ்பைரில்லம் போடுகிறவர்கள் ரசாயனத்தை முதலில் பூசி உலர்த்தி, உயிர் உரத்தைக் கடைசியில், விதைக்கும் முன்பாகப் போட வேண்டும்.

இனி தூரில் ஊற்றுவது. முளைத்து இருபது நாளில் ஒவ்வொரு செடியின் தூரிலும் ஒரு தம்ளர் கரைசல், அல்லது சொட்டுநீர்க் குழாயில் வெஞ்சுரி (மருந்தை இழுத்துத் தண்ணீரில் கலக்கும் கருவி) வழியாக விடுவது. கேட்பதற்கு நன்றாக இருக்கும். வேர் வழியாகப் போவதால் செடி முழுக்கப் பரவும், புது இலைக்கும் போகும். தத்துவப்படி பார்த்தால் இலைத் தெளிப்பை விட இது உயர்ந்தது.

ஆனால் வெண்டையில் நான் இதைச் செய்வதில்லை. ஒரு தடவை செய்திருக்கிறேன். எங்களுடையது மணல் கலந்த செம்மண். தூரில் ஊற்றிய அன்று ராத்திரியே நல்ல மழை. மருந்தில் பாதி வேருக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், பதினைந்து நாளில் தத்துப்பூச்சி திரும்பிவிட்டது. தண்ணீரில் கரையும் அளவு மருந்துக்கு மருந்து வேறு. இமிடாகுளோபிரிட் லிட்டருக்கு அரை கிராமுக்குச் சற்று மேல், தயாமீத்தாக்சாம் நாலு கிராம் வாக்கில், டைனோடெஃபுரான் நாற்பது கிராம் வரை. நன்றாகக் கரைவது வேகமாகச் செடியில் ஏறும். அதே காரணத்தால் மணல் நிலத்தில் வேகமாகக் கீழே போய்க் கிணற்றுத் தண்ணீரையும் தொடும். கரிசலிலும் தொழுவுரம் நிறைய போட்ட மண்ணிலும் இதற்கு நேர்மாறு, மண் மருந்தைப் பிடித்துக்கொண்டு செடிக்கு மெதுவாக விடும். மண் காய்ந்திருந்தால் வேர் எதையும் எடுக்காது. இத்தனையையும் கணிக்க வேண்டும்.

இன்னொரு காரணம் பெரியது. இருபது இருபத்தைந்தாம் நாளில் ஊற்றினால் அது பூக்கும் பருவத்திலும் பறிக்கும் பருவத்திலும் செடிக்குள் கெட்டியாக இருக்கும். வெண்டைப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் வாடிவிடுகிற ஒருநாள் பூ. இளமஞ்சள் இதழ், நடுவில் கருஞ்சிவப்பு. அந்த நாலைந்து மணி நேரத்துக்குள் கொசுத்தேனீயும் அடுக்குத்தேனீயும் உள்ளே தலைகீழாக இறங்கி மகரந்தத்தில் புரண்டு வரும். தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கிற பயிர்தான் வெண்டை, தேனீ இல்லாமலும் காய்க்கும். ஆனால் அதே தேனீதான் பக்கத்து முருங்கைக்கும் பாகலுக்கும் போகிறது. சாற்றில் இருக்கிற நஞ்சு தேனிலும் மகரந்தத்திலும் கொஞ்சமாவது வந்தே தீரும். போதாததற்கு, வெண்டைக்குத் தூரில் ஊற்றும் அளவு என்று நம் மருந்து லேபிள்களில் நான் பார்த்ததில்லை. உருளைக்கிழங்குக்குப் போட்டிருப்பதைப் படித்துவிட்டு வெண்டைக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று யாரும் சோதித்துச் சொல்லாத முறையை, ஊர் சாப்பிடும் காயில் செய்யக்கூடாது.

குருணை மருந்தும் இந்த வகைதான். அப்படிக் குருணையாக வந்த போரேட் 2020 டிசம்பரோடு தடையாகிவிட்டது. பழைய சரக்கு இருக்கிறது என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள்.

மூன்றாவது, இலையில் தெளிப்பது. நான் இதை எதிர்க்கவில்லை. பூச்சியைக் கண்ணால் பார்த்து, எண்ணி, தேவை என்று தெரிந்த பிறகு அடிக்கிற வழி இது ஒன்றுதான். அந்த வகையில் இது நேர்மையான வழி. ஆனால் மேலே சொன்ன மாதிரி, அடித்த இலைக்குத்தான் பாதுகாப்பு. ஊடுருவும் மருந்துதானே என்று மேலாக ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வரக்கூடாது. தெளிப்பான் மூக்கைக் கீழிருந்து மேலாகத் திருப்பி இலையின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். மாலையில் அடித்தால் கரைசல் சீக்கிரம் காயாது, இலைக்குள் இறங்க நேரம் கிடைக்கும், பூவும் மூடியிருக்கும், தேனீயும் கூட்டுக்குப் போயிருக்கும்.

இதில் பெரிய சிக்கல் காத்திருப்புக் காலம். இமிடாகுளோபிரிட் 17.8 எஸ்.எல். அடித்தால் வெண்டையில் 3 நாள், தயாமீத்தாக்சாம் 25 டபிள்யூ.ஜி. என்றால் 5 நாள் காய் பறிக்கக் கூடாது. வெண்டையை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும், முற்றிய காயை மார்க்கெட்டில் சீந்த ஆளில்லை. அதனால் நடப்பது என்ன? இன்று சாயங்காலம் அடித்து, நாளை மறுநாள் விடியற்காலை பறித்து மூட்டை கட்டுகிறார்கள். ஊடுருவும் மருந்தில் இது இன்னும் கெடுதல், ஏனென்றால் தோலுக்கு மேல் இருப்பதைக் கழுவலாம், காய்க்குள் இருப்பதைக் கழுவ முடியாது. வீட்டில் உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைக்கிற அம்மாக்களுக்கு இது தெரியாது, நமக்குத் தெரியும். பறிப்பு தொடங்கிய பிறகு அடித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அன்று காலை பிஞ்சு உட்பட எல்லாவற்றையும் பறித்துவிட்டு, மாலையில் அடித்து, அடுத்த பறிப்பு ஒன்றை, தயாமீத்தாக்சாம் என்றால் இரண்டை, முழுவதுமாக விட்டுக்கொடுங்கள். முற்றிப்போவதை விதைக்கோ குப்பைக்கோ விடலாம், மாட்டுக்கு வேண்டாம். அப்படி விட்ட பறிப்பின் விலையையும் மருந்துச் செலவில் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், எல்லாச் செலவையும் விட இலைத் தெளிப்புதான் பெரிய செலவு என்று தெரியும்.

கடையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இமிடா கேட்கவில்லை என்று ஒரு மருந்துக் கடையில் சொன்னேன். "இது புதுசு, பவர் ஜாஸ்தி" என்று தயாமீத்தாக்சாம் கொடுத்தார். அதுவும் கேட்கவில்லை, அசிட்டாமிபிரிட் கொடுத்தார். பெயர் மூன்று, பாட்டில் மூன்று, வேலை செய்யும் இடம் ஒன்றே. மூன்றும் நியோநிகோட்டினாய்டு என்கிற ஒரே குடும்பம். ஒன்றுக்குத் தப்பிய பூச்சி மற்றதற்கும் பெரும்பாலும் தப்பும். பருத்தித் தத்துப்பூச்சி என்பதும் நம் வெண்டைத் தத்துப்பூச்சி என்பதும் ஒரே இனம்தான், பருத்தியில் வருஷக்கணக்காக இந்த மருந்துகளைப் பார்த்துப் பழகி எதிர்ப்பு ஏறியிருக்கிறது. எங்கள் மாதிரி பருத்தி போடுகிற ஊர்களில் இதை இரண்டு மடங்கு யோசிக்க வேண்டும். விதையில் இந்தக் குடும்பத்தைப் பயன்படுத்தினீர்களா, அந்தப் போகத்தில் இலையில் வேறு குடும்பத்துக்குப் போய்விடுங்கள். இரண்டிலும் அதையே கொடுத்தால் அடுத்த போகத்துக்கு எந்த மருந்தும் மிஞ்சாது.

ஊடுருவும் மருந்தால் ஆகாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். காய்ப்புழுவுக்கு இமிடா வேலை செய்யாது. அதற்கு எமாமெக்டின் பென்சோயேட், குளோரான்ட்ரானிலிபுரோல் போன்றவை தனி. செம்பேனுக்கும் கேட்காது, சொல்லப்போனால் இமிடா அடித்த பிறகு செம்பேன் பெருகுவதை ஆராய்ச்சிகளும் பார்த்திருக்கின்றன, நானும் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள் நரம்புத் தேமல் இன்னும் நுணுக்கமானது. வெள்ளை ஈ கடத்தும் வைரஸ் அது. மருந்து சாற்றில் இருந்தாலும் ஈ குத்தி உறிஞ்சினால்தான் சாகும், அப்படிக் குத்தி உறிஞ்சும் நேரத்திலேயே வைரஸ் செடிக்குள் இறங்கிவிடலாம். ஆக, பக்கத்துக் காட்டிலிருந்து நோயைச் சுமந்து பறந்து வருகிற ஈயை எந்த ஊடுருவும் மருந்தும் தடுக்காது. அந்த ஈ நம் காட்டில் குஞ்சு பொரித்துப் பெருகி, செடிக்குச் செடி பரப்புவதைத்தான் அது தடுக்கும். தேமலுக்கு முதல் பாதுகாப்பு ரகம்தான். ஐ.ஐ.எச்.ஆர். (இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம்) வெளியிட்ட அர்க்கா அனாமிகா, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 4 வீரிய ஒட்டு மாதிரி தாங்கும் தன்மையுள்ளதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பிறகு மருந்தைப் பற்றிப் பேசுவோம். மஞ்சள் நரம்பு தெரிகிற செடியை முதல் இருபது நாளில் பார்த்தவுடன் பிடுங்கிவிடுவது, பாட்டில் மருந்து செய்யாததைச் செய்யும்.

நாலாவதாக ஒரு வழி இருக்கிறது, இவற்றில் எதுவுமே இல்லாமல். ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம், ஹெக்டேருக்கு 12 மஞ்சள் ஒட்டுப்பொறி, அடியுரமாக வேப்பம் பிண்ணாக்கு, பிறகு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். நூறு லிட்டருக்கு ஐந்து கிலோ பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 200 கிராம் காதி சோப்புக் கரைத்து மாலையில் அடிக்க வேண்டும், வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். வேம்பில் இருக்கும் அசாடிராக்டினும் வேரில் போட்டால் ஓரளவு செடிக்குள் ஏறும், அதுவும் ஒருவகையில் ஊடுருவும் மருந்துதான். இது பூச்சியை உடனே கொல்லாது, தின்ன விடாது, தோலுரிக்க விடாது. பொறுமை வேண்டும், வாரம் ஒரு தடவை அடிக்க ஆள் வேண்டும். வீட்டுத் தோட்டம், மாடித் தோட்டம், பத்து சென்ட் வரை என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே செய்யுங்கள். தொட்டியில் இருக்கிற நாலு செடிக்கு இமிடா வாங்குவது தேவையே இல்லை, இலையைத் திருப்பித் தண்ணீர் பீய்ச்சினாலே பாதி அசுவினி போய்விடும்.

அரை ஏக்கருக்கு மேல், பக்கத்தில் பருத்தியோ கத்தரியோ இருக்கிறது, கோடைக்குப் பக்கமான தைப்பட்டம் என்றால் விதை நேர்த்தி செய்துவிடுங்கள். நல்ல மழைக்காலத்தில், சுற்றிலும் அப்படிப் பயிர் இல்லாவிட்டால் விதை நேர்த்தியையும் விட்டுப் பார்க்கலாம். முப்பது நாளுக்குப் பிறகு பொறியும் வேம்பும். இலைத் தெளிப்பு, காட்டில் அங்கங்கே இருபது செடியில் இலையைத் திருப்பி எண்ணி, சராசரியாக இலைக்கு ஐந்து குஞ்சுக்கு மேல் இருந்தால் மட்டும். இது நான் எனக்கு வைத்திருக்கும் அளவு. தூரில் ஊற்றுவது வேண்டாம்.

மருந்துப் பெட்டியில் முக்கோணத்தின் நிறத்தையும் பாருங்கள். இமிடா திரவம் மஞ்சள், அதாவது அதிக நஞ்சு. ஒரு காலத்தில் காய்கறிக்கெல்லாம் அடித்த மோனோகுரோட்டோபாஸும் ஊடுருவும் மருந்துதான், அது சிவப்பு. 2005-லேயே காய்கறிக்குத் தடை செய்தும் பல வருஷம் வெண்டைக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த நாட்களில் மருந்து அடித்துவிட்டு வரப்பிலேயே மயங்கி விழுந்த ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். அதனால்தான் டேங்க் முதுகில் ஏறும் தடவையைக் குறைக்கிற எந்த வழியும் எனக்கு முதலில் தெரிகிறது.

தம்பியிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன். விதை பூசும்போது கால் கிலோவைப் பூசாமல் தனியாக எடுத்துவைத்து, காட்டின் நடுவில் நாலு பாருக்கு மட்டும் அதை ஊன்றச் சொன்னேன். நானும் அப்படியே செய்யப்போகிறேன். பதினைந்தாம் நாளும் முப்பதாம் நாளும் இரண்டு பேரும் காலையில் போய், இரண்டு பக்கமும் இலையைத் திருப்பி எண்ணி நோட்டில் எழுதுவதாகப் பேச்சு.